சம்பந்திக்குப் பக்கத்து சீட்டில் பெரியபட்டினம் வரை

ஊர் பார்க்கக் கிளம்புகிறவர்கள், எந்தக் கோயில், எந்தக் கடல் என்று விசாரிப்பதற்கு முன்னால், பக்கத்து சீட்டில் யார் என்று விசாரித்துக்கொள்வது நல்லது. நான் விசாரிக்கவில்லை. எழுபதை நெருங்கும் வயதில் சன்னலோர சீட்டு கிடைத்ததே பெரிது என்று செல்லூரில் வேன் ஏறி, புதுச்சேலை கசங்காமல் உட்கார்ந்து, தெரிந்த முகம் எதுவும் என்னைப் பார்க்கிறதா என்று பார்த்தேன். விடிந்தும் விடியாத நேரம். பால்காரரைத் தவிர யாருமில்லை. அவருக்குக் கை காட்டினேன். அவர் என்னிடம் பால் வேண்டுமா என்று கேட்டார்.

எங்களைக் கூட்டிப்போனவர் ரெஜினா டீச்சர். மிஷன் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஒரு குச்சியில் மஞ்சள் துணியைக் கட்டி வைத்திருந்தார். அதைத் தூக்கினால் நாங்கள் எழுந்திருக்க வேண்டும், இறக்கினால் உட்கார வேண்டும்.

"ஒரே நாள்ல கோயில், பள்ளிவாசல், பழைய துறைமுகம், கடல். நாலையும் பாக்குறோம். யாரும் தனியா எங்கயும் போகக் கூடாது. சாப்பாட்டு வாளியெல்லாம் இந்தக் கூடையில வச்சிருங்க. வண்டிக்குள்ள யாரும் திறக்கக் கூடாது. போன தடவை ஒருத்தர் கருவாட்டைத் திறந்து, திரும்பி வர்ற வரைக்கும் எனக்குத் தலைவலி."

என் தூக்குவாளியைக் கொடுத்தேன். அதில் புளிச்சோறு. வாளியின் வயிற்றில் 'தவமணி, செல்லூர்' என்று பெயர் வெட்டியிருக்கும். மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு என்னுடையது. பஸ் போர்டை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆனால் என் பெயரை எங்கே கண்டாலும் ஓடிப்போய் வாசித்துவிடுவேன்.

இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தவள் என் மகள் கவிதா. கல்யாணமாகி வண்டியூர்ப் பக்கம் இருக்கிறாள். "நீ எங்கயும் போனதில்லைம்மா, போயிட்டு வா" என்றாள். பெற்ற மகளுக்கு எவ்வளவு பாசம் என்று நான் தெருவெல்லாம் சொல்லியிருந்தேன். வேன் வண்டியூர்த் தெப்பக்குளத்தின் ஓரத்தில் நின்றது. கையில் ஒரு பையோடு, என்னுடையதைவிடக் கொஞ்சம் பளபளப்பான சேலையில் ஏறியது யார் என்கிறீர்கள்? கவிதாவின் மாமியார், இப்போது மகன் வீட்டில் இருக்கும் எழுமலை பேச்சியம்மாள். வேனில் காலியாக இருந்தது ஒரே சீட்டு. அது எனக்குப் பக்கத்து சீட்டு.

பேச்சியம்மாளை நான் மதினி என்று கூப்பிடுவேன். அதாவது, கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். தை மாதத்தில் என் மகன் முருகேசன் செல்லூரில் மாடி எடுத்துப் பால் காய்ச்சினான். பந்தியில் மதினி சாம்பாரைக் கிண்டிப் பார்த்துவிட்டு, நாலு பேர் கேட்க, "செல்லூர்ச் சாம்பார்ல பருப்பை வலை போட்டுத்தான் தேடணும் போல" என்றார். சமைத்தவள் நான். சும்மா இருப்பேனா? "எழுமலையில பருப்பைக் கண்டவுக எத்தனை பேரு?" என்றேன். மதினி பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் அன்னந்தண்ணி புழக்கம் இல்லை. அவர்கள் வீட்டுச் சோறு எங்களுக்கு ஆகாது, எங்கள் வீட்டுத் தண்ணீர் அவர்களுக்கு ஆகாது.

இதில் அகப்பட்டுக்கொண்டது ஒரு மூன்று வயசுப் பிள்ளையின் காது. கவிதாவின் மகனுக்கு வருகிற ஆவணியில் எழுமலைக் குலசாமி கோயிலில் மொட்டையடித்துக் காது குத்த வேண்டும். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார்த்தி வைத்துத்தான் குத்துவார்கள். தாய்மாமன் என் மகன் முருகேசன். பிள்ளை வீட்டுப் பெரிய மனுஷி எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, வெற்றிலை வைத்து அழைக்க வேண்டும். செல்லூரில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று மதினி சொல்லிவிட்டார். வெற்றிலை வராமல் என் மகன் வரமாட்டான் என்று நான் சொல்லிவிட்டேன். தாய்மாமன் இல்லாமல் காது குத்தினால் எழுமலையே என் மகளைப் பார்த்துச் சிரிக்கும். அவள் போன் போட்டு அழாத நாள் இல்லை. அழுது பார்த்து ஆகவில்லை என்றுதான் வேனைப் பிடித்திருக்கிறாள் என்பது தெப்பக்குளத்தில் வைத்துத்தான் எனக்கு விளங்கியது.

மதினி தன் வாளியைக் கூடையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் சன்னல் பக்கம் திரும்பினேன். அவர் நடைபாதைப் பக்கம் திரும்பினார். எங்கள் இரண்டு முதுகும் உரசிக்கொண்டே மானாமதுரை வரை போயின.

பேசாமல் இருந்தோம் என்று நினைக்காதீர்கள். டீச்சர் வழியாகப் பேசினோம்.

"டீச்சர், சன்னலைக் கொஞ்சம் சாத்தச் சொல்லுங்க. சில பேருக்குக் குளிருதோ இல்லையோ, எனக்குக் காது அடைக்குது" என்றார் மதினி.

"டீச்சர், காசு குடுத்து வாரதே காத்து வாங்கத்தான். எழுமலையில காத்து இல்லைன்னா நம்ம என்ன செய்ய?" என்றேன் நான்.

டீச்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதான உக்காந்திருக்கீங்க? என்னை எதுக்குக் கூப்பிடுறீங்க?"

எங்களுக்குப் பின்னால் ஒரு சௌராஷ்டிரத் தம்பதி. அந்த அம்மாள் வீட்டுக்காரரிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்தார். செல்லூரில் அதே பாஷை பேசும் வேறொரு குடும்பத்தின் வீட்டுச் சுவரும் என் வீட்டுச் சுவரும் ஒன்றாக இத்தனை காலம் இருந்திருக்கிறேன். அவர்கள் போடும் சண்டையைக் கேட்டே பாதி பாஷை எனக்குப் படிந்துவிட்டது. பின் சீட்டு அம்மாள் சொன்னது இதுதான்: "அக்கா தங்கச்சி போல. மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிறதுகூட ஒரே மாதிரி இருக்கு." மதினிக்கு அது விளங்கவில்லை. கொடுத்து வைத்தவர்.

உத்தரகோசமங்கையில் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. எங்கள் மீனாட்சியைப் பார்த்த கண்ணுக்கு வேறு எந்தக் கோயிலும் சின்னதாகத்தான் தெரியும். கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, "பரவாயில்லை" என்றேன், ஏதோ நானே கட்டச் சொல்லிக் கொடுத்தவள் மாதிரி. உள்ளே மரகத நடராசர். வருடம் முழுக்கச் சந்தனக் காப்பிலேயே இருப்பாராம். மார்கழித் திருவாதிரைக்குத்தான் காப்பைக் களைவார்களாம். நான் பார்த்தது சந்தனத்தை. ஆனாலும் மரகதத்தைப் பார்த்த மாதிரி கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"வேற எந்தச் சிவன் கோயில்லயும் தாழம்பூ ஏத்துக்க மாட்டாங்க. இங்க மட்டும் ஏத்துக்குவாங்க" என்றார் டீச்சர். கழுத்தில் சிலுவை, கையில் மஞ்சள் கொடி, வாயில் தாழம்பூ மகிமை. எங்கள் மதுரை டீச்சர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"சாமியே மனசு மாறி ஏத்துக்கிருச்சு. மனுசருக்குத்தான் வீம்பு" என்று தூணைப் பார்த்துச் சொன்னார் மதினி.

"பூவும் வந்து வாசல்ல நின்னுருக்கும்ல" என்று அடுத்த தூணைப் பார்த்துச் சொன்னேன்.

அடுத்தது கீழக்கரை. பழைய கல் பள்ளிவாசல். முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்று பார்க்கச் சொன்னார்கள். தூணும் தூணின் தலையில் இருக்கும் போதிகையும் நம் கோயில் மண்டபத்தைப் போலவே இருக்கின்றன. ஆனால் சிலை இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் பூவும் கொடியும். அந்தக் காலத்தில் கோயில் கட்டிய கையே இதையும் செதுக்கியிருக்கும் என்றார் டீச்சர். கேட்டுக்கொண்டே நின்றவள், வெளியே வரும்போது பழக்க தோஷத்தில் அங்கிருந்த பெரியவரிடம் விபூதிக்குக் கையை நீட்டிவிட்டேன். நீட்டிய கையை மடக்கவும் முடியவில்லை. அவர் ஒரு நொடி யோசித்தார். பிறகு சட்டைப்பையில் இருந்து ஒரு கற்கண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "நல்லா இருங்கம்மா" என்றார். பின்னால் மதினிக்குச் சிரிப்பு பொங்கியது எனக்குக் கேட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தால் முதுகு குலுங்கும் என்பது அவருக்குத் தெரியாது.

கடைத்தெருவில் தொதல் வாங்கினேன். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டிய அல்வா மாதிரி ஒன்று. மதுரையில் அல்வா பார்க்காதவளா என்று வாயில் போட்டவள், கால் கிலோ வாங்க வந்து அரைக் கிலோ வாங்கினேன்.

பெரியபட்டினத்தை டீச்சர் வழியெல்லாம் புகழ்ந்துகொண்டே வந்தார். பாண்டியர் காலத்துத் துறைமுகமாம், சீனாவிலிருந்து கப்பல் வந்து நின்ற இடமாம், மண்ணைத் தோண்டினால் சீனத்துப் பீங்கான் ஓடு கிடைக்குமாம். நான் பெரிய கோட்டையை எதிர்பார்த்து இறங்கினேன். தென்னை மரம் இருந்தது. மணல் இருந்தது. ஒரு ஆடு இருந்தது.

"துறைமுகம் எங்க டீச்சர்?"

"நீங்க நிக்கிறதே துறைமுகம்தான்."

காலைத் தூக்கிப் பார்த்தேன். நண்டு வளை. டீச்சர் மனசு நோகக்கூடாது என்று "ஆமாமா, தெரியுது" என்றேன்.

அந்தப்பக்கம் கடல், அலையே இல்லாமல் கிடந்தது. தெப்பக்குளத்துக்கு நாலு பக்கமும் படி உண்டு, இதற்கு ஒரு பக்கம்தான் கரை. மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மதினி பக்கத்தில் நின்றதால் சொல்லவில்லை. குறை சொல்வதில் எழுமலைக்காரர்களைப் போல ஆகிவிடக் கூடாது பாருங்கள்.

தென்னை நிழலில் கூடை இறங்கியது. டீச்சர் வாளிகளை வரிசையாக மணலில் வைத்தார். "அவங்கவங்க வாளியை அவங்கவங்க எடுத்துக்கங்க. மாத்தி எடுத்துராதீங்க."

"மாத்தி எடுக்க என்ன இருக்கு? பேரு வெட்டியிருக்குல்ல. எழுத்து தெரியாதவுகளுக்குத்தான் கஷ்டம்" என்று மதினி காதில் விழும்படி சொன்னேன். மதினிக்கு எழுத்து சுத்தமாகத் தெரியாது. குனிந்தேன். 'த-வ-ம-ணி' என்று உரக்க வாசித்தேன். வாளியைத் தூக்கினேன். என் பெருமையைக் கடல் கேட்டிருக்கும்.

முதல் வாய் வைத்ததும் எனக்கே ஆச்சரியம். என் கைப்பக்குவம் நல்ல பக்குவம்தான், ஆனால் இம்புட்டு நன்றாக வந்ததில்லை. கடல்காற்றுக்கு ருசி கூடும் போல என்று நினைத்தேன். நினைத்ததோடு நின்றேனா? டீச்சருக்கு ஒரு கரண்டி, டிரைவருக்கு ஒரு கரண்டி, சௌராஷ்டிரத் தம்பதிக்கு ரெண்டு கரண்டி. "சாப்பிடுங்க, செல்லூர் தவமணி கை. இப்படிச் சோறு மதுரையில எங்க கிடைக்கும்?" மதினியைத் தாண்டிப் போகும்போது மட்டும் வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டேன். மதினி தன் வாளியில் இருந்து குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயோ, என்ன ருசிக்கா! இதுல என்ன போட்டீங்க?" என்று கேட்டார் அந்தச் சௌராஷ்டிர அம்மாள்.

"என்னத்தைப் போட? புளி, வத்தல், பெருங்காயம். கை ராசிதான்."

"இல்லக்கா, வேற ஒரு வாசம் வருதே."

எனக்கும் வந்தது. எது என்றுதான் தெரியவில்லை. "வெந்தயம்" என்றேன். அவர் நம்பவில்லை. "மல்லி" என்றேன்.

மதினி தலையை நிமிர்த்தாமலே பேசினார். "டீச்சர், எள்ளை வெறும் சட்டியில வறுத்து, நுணுக்கி, இறக்குறப்பத் தூவியிருப்பாக. அவுக மறந்திருப்பாக."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் சோற்றுக்கு இவர் யார் பக்குவம் சொல்ல? என் ஆயுசில் நான் புளிச்சோற்றில் எள்ளுப் போட்டதில்லை என்று சொல்லப் போனேன். வாய் பாதி திறந்திருந்தது. அந்த நேரம் சௌராஷ்டிரக்காரர் தன் மனைவியிடம் அவர்கள் பாஷையில் மெதுவாகச் சொன்னார்: "குனிஞ்சு சாப்பிடுற அந்த அம்மா கையில இருக்கிற வாளியிலயும் தவமணின்னுதான் போட்டிருக்கு. சொல்லலாமா, வேண்டாமா?" அந்த அம்மாள் சொன்னார்: "நமக்கு எதுக்கு? சாப்பிடுங்க."

திறந்த வாயை மூடிக்கொண்டு, கையில் இருந்த வாளியைத் திருப்பிப் பார்த்தேன்.

கவிதா கல்யாணத்துக்கு நான் வைத்த சீர்ப் பாத்திரங்களில் மகள் பெயரை வெட்டலாம் என்று கடைக்காரர் சொன்னார். வேண்டாம், என் பெயரை வெட்டுங்கள் என்றேன். எழுமலையில் யார் தண்ணீர் மொண்டாலும், யார் குழம்பு ஊற்றினாலும், இது செல்லூர் தவமணி வைத்த சீர் என்று தெரிய வேண்டாமா? அண்டாவில் தொடங்கிக் கரண்டி வரை வெட்டியாயிற்று. ஜோடியாக வாங்கிய தூக்குவாளியில் ஒன்று சீருக்குப் போனது, ஒன்று என்னோடு நின்றது. அப்படியென்றால் நான் ஊருக்கெல்லாம் பங்கு வைத்து, கை ராசி என்று பெருமை அடித்துக்கொண்டது எழுமலைச் சோறு. மதினி தின்றுகொண்டிருந்தது என் சோறு. நாலு மாதமாக ஆகாது ஆகாது என்று காத்த அன்னத்தை, இரண்டு பேரும் ஒரே தென்னை மரத்தடியில் வழித்துத் தின்றிருக்கிறோம்.

மதினி எழுந்து கடலில் கை கழுவப் போனார். நானும் வாளியோடு பின்னாலேயே போனேன். கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, டீச்சர் இல்லாமல், தூண் இல்லாமல், நேராகக் கேட்டேன்.

"வாளி மாறுனது எப்பத் தெரிஞ்சது மதினி?"

"மொத வாயிலயே. எள்ளு வாசம் இல்ல."

"தெரிஞ்சதும் துப்ப வேண்டியதுதான?"

"துப்பத்தான் போனேன்." மதினி கையைத் தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தார், கழுவி முடித்த கையை. "பெறகு பிள்ளையோட காதை நெனச்சேன். தெரிஞ்சே முழுங்கிட்டேன். இனி நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு செல்லூர்ல தண்ணி குடிக்க மாட்டேன்னு சொல்ல?"

மதினியே தொடர்ந்தார். என்னையும் அவர் மதினி என்றுதான் கூப்பிடுவார்.

"ஆனா மதினி, நீங்க தெரியாமத் தின்னீக. தெரியாமத் தின்னது புழங்குனதுல சேராது. ஆகாதுன்னு நீங்க நிக்கிறதுன்னா நில்லுங்க. நான் இதை யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

எனக்கு வழி விட்டுவிட்டார். அதுதான் சுட்டது. என் வீம்பு எனக்குக் குறையாமல் இருக்கிறது, யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மகனை அனுப்ப மாட்டேன் என்று இன்றைக்கும் சொல்லலாம். ஒரு மனுஷி துப்ப வேண்டியதை முழுங்கிவிட்டு நிற்கும்போது, நான் மட்டும் தெரியாமல் தின்றவளாக வீட்டுக்குப் போவதா? இதிலும் எழுமலை ஜெயிப்பதா?

வாளியைத் திறந்தேன். தெரிந்தே ஒரு வாய் தின்றுவிட வேண்டியதுதான். உள்ளே ஒரு பருக்கை இல்லை. பெருமையில் அத்தனையையும் பங்கு வைத்துவிட்டேன். அடியில் வாழையிலைத் துண்டில் ஒரு மோர்மிளகாய் மட்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தது. மதினி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை எடுத்து முழுசாக வாயில் போட்டுக் கடித்தேன்.

எழுமலை மிளகாயைப் பற்றி நான் இன்றுவரை தப்பாக எதுவும் சொன்னதில்லை, இனியும் சொல்ல மாட்டேன். காது வழியாகப் புகை போனது. கண்ணில் கடல் இறங்கியது. இருமினேன், குதித்தேன், அலையில்லாத கடலில் நானே அலை எழுப்பினேன்.

"எங்க வீட்டு மொளகாயை யாராச்சும் முழுசா மெல்லுவாகளா? கூறு கெட்ட மதினி!" மதினி பையில் இருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து, என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, பிள்ளைக்கு ஊற்றுவது மாதிரி வாயில் ஊற்றினார். குடித்தேன். அன்னம் ஆயிற்று, தண்ணியும் ஆயிற்று.

கரையில் டீச்சர் மஞ்சள் கொடியை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார். "தனியாப் போகக் கூடாதுன்னு சொன்னேன்ல! என்னம்மா அழுகுறீங்க?"

"சீனாக்காரன் கப்பலை நெனச்சேன் டீச்சர்" என்றேன்.

திரும்பும் வழியில் வேன் மணலில் புதைந்தது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த இருவர் தென்னமட்டையை சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார்கள். ஒருவர் மற்றவரிடம், "பெருசுங்க ரெண்டும் வண்டியைத் தள்ளுதா, ஒண்ணை ஒண்ணு தள்ளுதான்னு தெரியலையே" என்று சொன்னது என் காதில் விழுந்தது. வண்டி ஏறியதும் தொதலைப் பிரித்தோம். பரமக்குடி வருவதற்குள் அரைக் கிலோவும் காலி. மதினி சாம்பாரைப் பற்றிப் பேசவில்லை. நானும் பருப்பைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் இரண்டு பேரும் அதைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம் என்று எனக்குத் தெரியும்.

தெப்பக்குளத்தில் விளக்குப் போட்டிருந்தார்கள். வேன் நின்றது. மதினி இறங்கவில்லை.

"உங்க இடம் வந்துருச்சும்மா" என்றார் டீச்சர்.

"செல்லூருக்கு விடுங்க டீச்சர். எனக்கு அங்க ஒரு சோலி இருக்கு."

காலையில் அவசரத்தில் வீட்டைக் கூட்டவில்லை, காயப்போட்ட துணி நடுவீட்டில் கிடக்கிறது. நாலு மாதமாக வா வா என்று வீம்பாக நின்றவளுக்கு, வருகிறேன் என்றதும் துடைப்பத்தின் ஞாபகம். செல்லூரில் இறங்கியதும் முனைக் கடையில் மதினி வெற்றிலையும் பாக்கும் வாங்கினார். நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

வாசலில் முருகேசன் லுங்கியோடு நின்று மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். தெருமுனையில் இருந்து நானும் மதினியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்தான். கையில் இருந்த துணி கீழே விழுந்தது. முகம் வெளுத்துப்போய் எங்களை நோக்கி ஓடிவந்தான்.

"அம்மா... யாரும்மா போயிட்டாக?"

"யாரும் போகல, மருமகனே" என்றார் மதினி. "நீங்கதான் ஆவணியில எழுமலைக்கு வரணும். மொதல்ல உள்ள போயி எனக்குக் குடிக்கத் தண்ணி மொண்டு வாங்க."